மூத்தாரும் மிளகாய் நாற்றும்

கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருநாள் என் மூத்தாரின் தோளில் கிடந்த துண்டு வழுக்கிக் கீழே விழுந்தது. வேறு யாராவது என்றால் எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். இவர் எடுக்கவில்லை. டீ கிளாசைக் கையில் பிடித்தபடி துண்டை ஒரு பார்வை பார்த்தார், டீக்கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பாவப்பட்ட மனுஷன் கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து துண்டை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. மூத்தார் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பாலப் பாக்க மாட்டியாய்யா?" என்று அவரையே அதட்டினார். நான் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த எரிச்சலில் அந்தத் துண்டைப் பிடுங்கி மறுபடியும் கீழே போடலாமா என்றிருந்தது.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்லிப் பழக்கமும் இல்லை. எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தாருக்கு எதிரில் நின்று பேசக்கூடாது. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டிப் போகக்கூடாது, முகம் பார்த்துச் சிரிக்கக்கூடாது. என்ன சொல்வதென்றாலும் அவர் பெண்டாட்டி மூலமாகத்தான் சொல்ல வேண்டும். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மூத்தார் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "சோறு ஆயிடுச்சின்னு சொல்லுங்கக்கா" என்பேன். அக்கா வாயைத் திறப்பதற்குள், "இன்னா கொழம்புன்னு கேளு" என்று அவர் கேட்பார். நான் சொன்னது அவர் காதில் விழும், அவர் சொன்னது என் காதில் விழும். நடுவில் அக்கா எதற்கு நிற்கிறார் என்று எங்கள் மூவருக்குமே தெரியாது. ஆனாலும் அப்படித்தான் நடந்தது. கேட்க இஷ்டமில்லாத விஷயம் என்றால் மட்டும் மூத்தாருக்கு இந்த ஏற்பாடு ரொம்ப வசதி. அக்கா சொல்லி முடிக்கிற வரைக்கும் காது கேட்காதவர் மாதிரி வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் குனிய மாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது இதுதான். செருப்பு வாரை அக்காதான் மாட்டிவிட வேண்டும். கல்யாண வீட்டில் தரையில் இலை போட்டால் "வயிறு சரியில்ல" என்று எழுந்து போய்விடுவார். பிறகு வீட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தட்டை மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவார். பழைய வீட்டு நிலைப்படி தாழ்வு. எல்லாரும் தலையைத் தாழ்த்தித்தான் உள்ளே போவோம். கொத்தனாரைக் கூட்டிவந்து, சுவரை இடித்து, நிலையை ஒசத்தி வைத்தார். நிலை ஒசந்தது, ஆனால் கூரை அதே இடத்தில்தானே இருக்கிறது? கூரை வாரையை அங்கே வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு மழை பெய்தால் சாரல் நேராக அடுப்பங்கரைக்கே வரும். ஈர விறகை ஊதி ஊதி என் கண் சிவந்துபோகும். அவர் மட்டும் அந்த வாசலில் தலை நிமிர்ந்து போவார், வருவார், அடேங்கப்பா!

எதனால் இப்படி என்று அக்கா ஒருதடவை சொன்னார். என் மாமனார் ஒரு பண்ணையாரிடம் விளைச்சலில் பங்குக்கு, வாரத்துக்கு நிலம் ஓட்டிக்கொண்டிருந்தவராம். பண்ணையார் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, அந்த ஆள் காறித் துப்பிவிட்டு என்ன என்று கேட்கிற வரைக்கும் மாமனார் நிற்க வேண்டுமாம். சின்ன வயதில் மூத்தார் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தாராம். அன்றைக்கு வந்த வைராக்கியமாம். இதைக் கேட்டபோது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்த வைராக்கியத்தை நான் கேலி பண்ணவில்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒரு ஆள் குனிய மாட்டேன் என்றால் அவர் பங்குக் குனிதலையும் சேர்த்து வேறு யாரோ குனிய வேண்டும். களை பிடுங்கியது யார்? நெல் நாற்று நட்டது யார்? கடலை பொறுக்கியது யார்? அக்காவும் நானும்தான். இவர் வரப்பின்மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "அந்தா, அந்த மூலையில கோரை கீது, விட்டுட்டீங்க" என்று கைத்தடியால் காட்டுவார். என் இடுப்பு என்ன இரும்பா?

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில்தான் அவருக்கு இந்த நிமிர்வுக்கு ஒரு மேடை கிடைத்தது. எங்கள் ஜனங்களுக்குப் படிப்பிலும் உத்தியோகத்திலும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதில் ஒரு சொல் தப்பில்லை. நானும் கூட்டத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து கேட்டவள்தான். என் பெண் பிற்பாடு படித்து வேலைக்குப் போனதில் அந்த ஜனங்கள் பட்ட அடிக்கும் பங்கு உண்டு. ஆனால் மூத்தாருக்கு அதெல்லாம் இரண்டாவது. மேடைக்குக் கூப்பிட்டார்கள், அதுதான் முதலாவது. "குனிஞ்ச காலம் போச்சு! இனிமே எவனுக்கும் குனியிறதில்ல!" என்று மைக்கில் ஒரே வரியைப் போகிற ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினார். அன்று காலையில்தான் அவருக்குச் செருப்பு மாட்டிவிட்டிருந்தார்.

ஒரு கூட்டத்தில் மாலை போட வந்தவர் குள்ளமான மனுஷர். மாலையைத் தூக்கிக்கொண்டு எக்கி எக்கிப் பார்க்கிறார். மூத்தார் கழுத்தை ஒரு விரற்கடை தாழ்த்தினால் போதும். தாழ்த்துவாரா? மாலை ஒரு பக்கம் காதிலும் மறு பக்கம் மூக்கிலும் மாட்டிக்கொண்டது. அந்தக் கோலத்தோடே நேராகப் பார்த்தபடி கும்பிட்டார். எங்கள் வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். நான் அடைத்துக்கொள்ளவில்லை, நன்றாகவே சிரித்தேன்.

இனிமேல் மிளகாய் நாற்றுக்கு வருகிறேன்.

அந்த வருஷம் கிணற்றங்கொல்லையில் கரும்பை அழித்துவிட்டு மிளகாய் வைக்கலாம் என்று என் வீட்டுக்காரரிடம் கெஞ்சிக் கேட்டவள் நான். என் அம்மா வீட்டில் மிளகாய்தான் வெள்ளாமை. எனக்குத் தெரிந்த பயிர் அது ஒன்றுதான். அந்த வீட்டில் வாக்கப்பட்டு வந்ததிலிருந்து நான் சொல்லி நடந்த முதல் காரியமும் அதுதான். என் வீட்டுக்காரர் அண்ணனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூத்தார் ரொம்ப நேரம் மேலே பார்த்துவிட்டு, "செய்யட்டும், பாப்போம்" என்றார். அந்தப் "பாப்போம்" எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. நாற்று செத்தால் கொல்லை அந்த வருஷம் தரிசு. அதோடு போகாது, அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் "மொளகா வெச்சிக் கிழிச்சவதான" என்று ஒரே பேச்சில் வாயை அடைத்துவிடுவார்கள்.

கிணற்றோரமாக மேட்டுப்பாத்தி கட்டி, பாத்திக்குப் பாத்தி நடுவில் கால் வைக்க வாய்க்கால் விட்டு, விதை தூவி வைக்கோல் மூடினேன். மிளகாய் விதை முளைப்பதை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்டு நேராக வராது. கொக்கி மாதிரி வளைந்து, முதுகால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். இலை இரண்டும் உள்ளே தலைகீழாக மடங்கி இருக்கும். வெளிச்சம் பட்ட பிறகுதான் மெதுவாகத் தலையைத் தூக்கும். குனியாமல் முட்டிக்கொண்டு வந்தால் குருத்து மண்ணில் உரசிக் கிழிந்துபோகும். குனிவது ஒன்றும் கேவலமில்லை என்று மிளகாய்ச் செடியைக் கேட்டால்கூடச் சொல்லும். மூத்தார் எங்கே கேட்கப்போகிறார், கேட்கவும் உட்கார வேண்டுமே!

முளை கண்டதும் வைக்கோலை எடுத்துவிட்டேன். வெயில் பட்டால் தண்டு குட்டையாக, கெட்டியாக, லேசாக ஊதா ஓடி வரும். அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் கச்சிராயபாளையத்தில் ஒரு பெரிய கூட்டம் முடிந்தது. பந்தல் போட்ட தென்னங்கீற்று மிச்சம். மூத்தார் அதை ஒரு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கே போடுவது என்று பார்த்தார். என் நாற்றங்கால் கண்ணில் பட்டது. ஆளை வைத்துக் கவைக்குச்சி நட்டு, இடுப்பு உயரத்துக்கு, பாத்தி முழுக்க மூடிப் பந்தல் போட்டுவிட்டார். மேற்கே கிணற்றுப் பக்கம் மட்டும் திறந்திருந்தது.

"வெய்யிலு வேணும் அதுக்கு, பந்தலு வாணாம்னு சொல்லுங்கக்கா" என்றேன்.

"மாநாட்டுப் பந்தலு இது. இதுக்குக் கீழ வளர எந்த நாத்துக்குக் குடுத்து வெச்சிருக்குது?" என்றார் மூத்தார், அக்காவைப் பார்த்துதான். "காலைலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்தச் சொல்லு. ஏமாத்தப் போறா."

நிழலில் போட்ட நாற்று என்ன பண்ணும்? வெளிச்சத்தைத் தேடும். தேடித் தேடி மளமளவென்று மேலே இழுத்துக்கொண்டு போனது. தண்டு சேமியா மாதிரி வெளுத்து, மெலிந்து, இலைக்கும் இலைக்கும் நடுவே நீண்டுகொண்டே போனது. அத்தனையும் மேற்கே வெளிச்சம் வருகிற பக்கம் சாய்ந்து நின்றது. இது பிழைப்புக்கான பாடு, வளர்த்தி இல்லை. ஆனால் மூத்தார் தினமும் மேற்கு வரப்பில் வந்து நின்று பார்ப்பார். நாற்று எல்லாம் அவர் பக்கமே சாய்ந்து நிற்கும். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

"எம்மாம் ஒசரம் பாத்தியா! மத்தவன் நாத்தெல்லாம் இன்னும் தரையத் தடவிக்கினு கீது. நம்ம நாத்து எப்படி நிமிந்து நிக்குது பாரு!" கூட வந்தவர்களும் ஆமாமா என்று தலையாட்டினார்கள். நாற்று நிமிர்ந்து நிற்கவில்லை, சாய்ந்து நிற்கிறது என்பதைக்கூட ஒருத்தரும் கவனிக்கவில்லை. நின்றபடி பார்த்தால் பச்சைதான் தெரியும். உட்கார்ந்து பந்தலுக்குள் தலையை விட்டுப் பார்த்தால்தானே தண்டு தெரியும்?

நான் உட்கார்ந்து பார்த்தேன். வானம் வேறு மூடிக்கொண்டு தூறிக்கொண்டே இருந்தது. கிழக்கு மூலையில், மண்ணும் தண்டும் சேருகிற இடத்தில், வெந்நீர் பட்டாற்போல ஒரு கசங்கல். மறுநாள் அந்த இடம் பழுப்பாகி நூல் மாதிரி சுருங்கியிருந்தது. மேலே இலை பச்சையாகத்தான் இருந்தது. தனக்குக் கீழே ஒன்றுமில்லை என்பதே அதற்குத் தெரியவில்லை. விரலால் தொட்டேன், படுத்துவிட்டது. பக்கத்தில் இருந்ததும் படுத்தது. நாற்றழுகல். வட்டமாகத் தொடங்கினால் வட்டம் பெரிசாகிக்கொண்டே போகும்.

"நாத்து அழுகுது, பந்தலப் பிரிக்கணும், தண்ணிய நிறுத்தணும்னு சொல்லுங்கக்கா."

"பச்சையாத்தான கீது? கண்ணு சரியா தெரியுதான்னு கேளு அவள."

நான் செத்த நாற்றைப் பிடுங்கி ஒரு தட்டில் வைத்து அக்கா கையில் கொடுத்தனுப்பினேன். அவர் அதைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாராம். "நகத்தால கிள்ளிட்டு அழுகல்னு கத கட்டுறா. பந்தலு நான் போட்டதுன்னு அவளுக்குப் பொறுக்கல" என்றாராம். என் வீட்டுக்காரரிடம் முட்டிக்கொண்டேன். அவர் நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்றால் அண்ணன் இருக்கும் திசையில் வாயைத் திறக்காதவர் என்று அர்த்தம். "அண்ணன் சொல்லிட்டா சொல்லிட்டாரு, விடு" என்றார். நான் ஒருநாள் மதியம் நாலு கீற்றைப் பிரித்துப் போட்டேன். சாயங்காலத்துக்குள் மூத்தார் ஆளை விட்டு மறுபடியும் வேய்ந்துவிட்டார். அன்றைக்குத் தண்ணீரையும் தானே நின்று ஊற்ற வைத்தார்.

பிறகு சாலை மறியல் வந்தது. உளுந்தூர்பேட்டை வரைக்கும் ரோட்டில் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் கள்ளக்குறிச்சி ரோட்டில் இருந்த புளிய மரங்களைச் சாய்க்கச் சொல்லிக் கையைக் காட்டியவர் மூத்தார். வெட்டியவர்கள் வேறு, இவர் காட்டினார். பஸ் நின்றது, கடைகள் மூடின. நாற்றழுகலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து ஊற்றுவார்கள். சுண்ணாம்பு வீட்டில் இருந்தது, மயில்துத்தம் கள்ளக்குறிச்சியில் இருந்தது. நடுவில் மூத்தார் சாய்த்த மரம் இருந்தது. வேறு ஊரிலிருந்து நாற்று பிடுங்கி வரலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

"மருந்து வாங்க யாரையாவது சைக்கிள்ள அனுப்ப முடியுமான்னு கேளுங்கக்கா."

மூத்தார் சிரித்தார். "ஜனமே ரோட்டுல நிக்குது, இவளுக்கு மொளகாய்க்கு மருந்தாம். வெளிய சொல்லிடாத, மானம் போவும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதால் அதையும் அக்கா மூலமாகத்தான் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் அழவில்லை.

அடுத்து போலீஸ் வந்தது. ஊர் ஊராக நுழைந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அடி பயங்கரம் என்று தகவல் வந்ததும் எங்கள் ஊர் ஆண்கள் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார்கள். வெள்ளிமலைப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். என் வீட்டுக்காரரும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு போனார். அண்ணனையும் வரச்சொல்லிக் கூப்பிட்டார். மூத்தார் வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் ஓட மாட்டேன். வரட்டும். நிமிந்து நின்னு கைய நீட்டுவேன். மாட்டட்டும் வெலங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மூத்தார் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் மேகம் விலகி, எத்தனையோ நாளைக்குப் பிறகு சுள்ளென்று வெயில் அடித்தது. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. தடுக்க ஊரில் ஆள் இல்லை, ஒரே ஒரு ஆள் வாசலில் விலங்குக்குக் காத்துக்கொண்டிருக்கிறார். முந்தானையைச் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கீற்றை ஒவ்வொன்றாக இழுத்துக் கிணற்றோரம் போட்டேன். செத்த நாற்றைப் பிடுங்கி எறிந்தேன், அந்த இடத்தில் சாம்பல் தூவினேன். ஈர மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது. நிழலிலேயே இருந்த நாற்றாயிற்றே, வெயில் பட்டதும் கொஞ்சம் துவண்டது. துவளட்டும், தண்டு காய்ந்து கெட்டிப்பட்டால் எழுந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரு பாத்திதான் மிச்சம்.

அப்போது ஊர்ப்பக்கம் ஜீப் சத்தம். அதற்குப் பின்னாலேயே ஒரு வெள்ளை வேட்டி கொல்லை வரப்பில் துள்ளிக்கொண்டு வந்தது. துண்டு இல்லை, செருப்பு இல்லை. மூச்சு இரைக்க இரைக்க என் மூத்தார் வந்து நின்றார்.

"ஒளிய எடம் எங்கனா கீதா?"

நான் வழக்கம் போல அக்கா எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். அக்கா இல்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்தார். குனிந்தது போதவில்லை, முட்டி போட்டார். முட்டி போட்டதும் போதவில்லை. இடுப்பு உயரப் பந்தலுக்குள் தலையை விட்டு, வயிற்றால் ஊர்ந்து, மிச்சமிருந்த அந்தப் பாத்தியை ஒட்டிய வாய்க்கால் சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

நான் கீற்றில் கையை வைத்தபடி நின்றேன்.

"கீத்தப் பிரிக்காத! பிரிக்காத! அப்படியே வுட்டுடு!" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

என் நாற்றுக்கு இந்த வெயில் இன்றைக்கே வேண்டும். நாளைக்கு மறுபடியும் மேகம் மூடினால் இந்தப் பாத்தியின் அழுகல் எல்லாப் பாத்திக்கும் போகும். கீற்றை உருவினால் வெள்ளை வேட்டி தெரியும், தெரிந்தால் அவர் எலும்பு மிஞ்சாது. என்ன இருந்தாலும் அக்கா புருஷன். அந்த அக்கா முகத்தை நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பாத்தியில் இருந்த கீற்றையெல்லாம் உருவினேன், ஆள் படுத்திருந்த இடத்துக்கு மேலே இருந்த இரண்டை மட்டும் விட்டேன். கிணற்றடியில் நனைந்து கிடந்த கோணியை எடுத்து உள்ளே எறிந்தேன். அவர் அதை இழுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டார்.

இரண்டு போலீஸ்காரர்கள் வரப்பில் வந்தார்கள்.

"ஆம்பளைங்கெல்லாம் எங்கம்மா?"

"மலைக்கிப் போய்ட்டாங்க சார்."

"மரம் வெட்டச் சொன்னவன் இந்தப் பக்கம் வந்தானாமே?"

"தெரியாது சார். நான் நாத்துதான் பாத்துக்கினு இருக்கேன்."

அவர்களில் ஒருத்தர், தொப்பை பெரிசு, கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தார். பந்தல் பூராவும் வெறும் குச்சி. நடுவில் இரண்டே இரண்டு கீற்று. அவருடைய கண் அங்கே நின்றது.

"அங்க மட்டும் ஏன் மூடி வெச்சிருக்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "அதுக்குக் கீழ நோவு கண்ட நாத்து சார். அழுகல். மத்ததோட சேத்தா அதுங்களுக்கும் தொத்திக்கும்."

அவர் கிட்டே வந்தார். லாட்டியால் கீற்றின் ஓரத்தை லேசாகத் தூக்கினார். ஒரு சாண் குனிந்தால் போதும், கோணிக்கு வெளியே ஒரு குதிகால் நீட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. அவர் குனியவில்லை. தொப்பையோ, பெல்ட்டோ, உத்தியோகமோ, எது தடுத்ததோ தெரியவில்லை. நின்றபடியே பார்த்தார்.

"பச்சையாத்தானம்மா இருக்குது" என்றார். லாட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜீப் சத்தம் ரோட்டைத் தாண்டுகிற வரைக்கும் நான் அசையவில்லை. இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். காலையில் வெயில் பட்ட பாத்திகளில் முக்கால்வாசி நாற்று பிழைத்தது. அதைத்தான் பிறகு கிணற்றங்கொல்லையில் நட்டேன், மிளகாயும் பழுத்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் அதெல்லாம் எனக்குத் தெரியாது. இரண்டு கீற்றும் அதற்குக் கீழே ஒரு மனுஷனும்தான் தெரிந்தது.

மூத்தார் எழுந்திருக்கவில்லை. பயம் தெளியவில்லை போல என்று உட்கார்ந்து உள்ளே பார்த்தேன். கன்னம் சேற்றில் அழுந்தியிருந்தது. மூக்குக்கு நேராக ஒரு வரிசை நாற்று. தண்டும் மண்ணும் சேருகிற இடத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நீட்டி ஒன்றைத் தொட்டார். அது அப்படியே அவர் கையில் படுத்தது. இன்னொன்றைத் தொட்டார், அதுவும் படுத்தது. ஒன்றைக் கையில் எடுத்து அந்த நூல் மாதிரி இற்றுப்போன இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு கலக்கத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சரி, இப்போதாவது புரிந்ததே என்று எனக்கே மனசு இளகிவிட்டது. என்னை மன்னிச்சிக்கம்மா என்றுகூடச் சொல்லிவிடுவாரோ, சொன்னால் நான் என்ன சொல்வது என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன். பைத்தியக்காரி நான்.

"மேல பச்சையா கீது... கீழ பூரா அழுகிக் கெடக்குதே" என்றார். பிறகு தலையைத் திருப்பி என் முகத்தை நேராகப் பார்த்து, நிஜமாகவே கோபமாகக் கேட்டார்.

"இத்தினி நாளா இத்த ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

நான் அக்காவைத் தேடவில்லை. எழுந்து, அந்த இரண்டு கீற்றையும் ஒரே இழுப்பில் உருவி எறிந்தேன். வெயில் பளீரென்று அவர் மேல் விழுந்தது.

"எழுந்து வூட்டுக்குப் போங்க மாமா," என்றேன் அவர் முகத்தைப் பார்த்தே. "எனக்கு வேலை கீது."